லண்டன் வணிக பாரிஸ்டர்கள்: எங்கிருந்து வருகிறார்கள், எந்த வழக்குகளில் நிற்கிறார்கள்?

2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் ‘எவர் கிவன்’ என்ற கன்டெய்னர் கப்பல் குறுக்கே சிக்கிக்கொண்டது. 400 மீட்டர் நீளக் கப்பல். ஆறு நாள் கால்வாயை அடைத்துக்கொண்டு கிடந்தது. அந்தப் படங்களை நாம் எல்லோருமே பார்த்திருப்போம். கப்பல் மிதந்த பிறகு தொடங்கிய சண்டை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

கப்பலின் சொந்தக்காரர்கள் ஜப்பானியர்கள். அதை எடுத்து ஓட்டியது தைவானின் எவர்கிரீன் நிறுவனம். கொடி பனாமாவுடையது. மாலுமிகள் 25 பேரும் இந்தியர்கள். மீட்க வந்த ஸ்மிட் நிறுவனம் நெதர்லாந்தைச் சேர்ந்தது. இவ்வளவும் நடந்தது எகிப்தில். ஆனால் மீட்டுக் கொடுத்ததற்கு ஸ்மிட்டுக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற வழக்கு லண்டனில்தான் நடந்தது. கப்பல் சிக்கியிருந்த நாட்களில் இரு தரப்பும் மின்னஞ்சலில் பேரம் பேசியிருந்தார்கள். கூலியை எப்படிக் கணக்கிடுவது என்பதில் ஒத்துப்போய்விட்டார்கள். மற்ற நிபந்தனைகள் பேச்சில் இருக்கும்போதே கப்பல் மிதந்துவிட்டது. அப்படியானால் ஒப்பந்தம் ஆனதா, ஆகவில்லையா? ஆகியிருந்தால் பேசிய கூலியோடு சரி. ஆகவில்லை என்றால், கடல் மீட்புச் சட்டப்படி, காப்பாற்றிய சொத்தின் மதிப்பையும் கணக்கில் சேர்த்து வெகுமதி கேட்கலாம். ஒப்பந்தம் ஆகவில்லை என்று 2023இல் நீதிபதி ஆண்ட்ரூ பேக்கர் தீர்ப்பளித்தார். மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது.

இப்படிச் சில மின்னஞ்சல்களின் வாசகங்களை வரிவரியாகப் பிரித்துப் போட்டு, பெரும் தொகைகளுக்காக எழுந்து நின்று பேசுகிறவர்களைத்தான் லண்டனில் கமர்ஷியல் பாரிஸ்டர் என்கிறார்கள். வணிக பாரிஸ்டர் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அவர்கள் என்ன படித்துவிட்டு வருகிறார்கள், எந்தெந்தத் துறைகளில் வேலை செய்கிறார்கள், அந்தத் துறைகள் ஏன் அப்படிப் பிரிந்தன என்பதைச் சட்டம் படிக்காதவருக்கும் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன்.

பாரிஸ்டர் வேறு, சொலிசிட்டர் வேறு

‘பாரிஸ்டர்’ என்றதும் நமக்குச் சீமைக்குப் போய்ச் சட்டம் படித்து வந்தவர் நினைவுக்கு வருவார். 1891இல் இன்னர் டெம்பிளில் பாரிஸ்டரான காந்தி, லிங்கன்ஸ் இன்னில் படித்த ஜின்னா என்று அந்த வரிசை நீளும். இந்தியாவில் 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டத்துக்குப் பிறகு எல்லோரும் ‘அட்வகேட்’ என்ற ஒரே வகைதான். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது இன்றைக்கும் தனித் தொழில்.

யாழ்ப்பாணத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்புக்காத்து, பிரக்கிராசி என்று அங்கே இரண்டு வகை இருந்தது. கட்சிக்காரரைச் சந்தித்துப் பத்திரங்களைப் பார்த்து வழக்கைத் தயார் செய்பவர் பிரக்கிராசி; மேல் நீதிமன்றத்தில் வாதாடுபவர் அப்புக்காத்து. 1970களில் இலங்கை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது. இங்கிலாந்தில் பிரக்கிராசியின் இடத்தில் சொலிசிட்டரும், அப்புக்காத்தின் இடத்தில் பாரிஸ்டரும் இருக்கிறார்கள். ஒரு வங்கிக்கோ கப்பல் கம்பெனிக்கோ தகராறு வந்தால் முதலில் சொலிசிட்டர் நிறுவனத்துக்குத்தான் போகும். ஆவணம் திரட்டுவது, எதிர்த் தரப்புக்குக் கடிதம் எழுதுவது, கட்சிக்காரரின் பணத்தைக் கையாள்வது எல்லாம் அவர்கள் வேலை. சட்டச் சிக்கலில் கருத்து கேட்கவும், மனுக்களை எழுதவும், நீதிமன்றத்தில் வாதாடவும் அவர்கள் ஒரு பாரிஸ்டரை அமர்த்துவார்கள். இன்றைக்கு இந்த எல்லை கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. தனித் தகுதி பெற்ற சொலிசிட்டர்கள் உயர் நீதிமன்றத்தில் வாதாடலாம். பொதுமக்கள் சில வகை வேலைகளுக்குப் பாரிஸ்டரை நேரடியாகவே அணுகலாம். ஆனால் பெரிய வணிக வழக்குகள் இன்னும் பழைய வழியில்தான் போகின்றன.

பாரிஸ்டர்களில் பெரும்பாலோர் யாரிடமும் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதில்லை. சேம்பர்ஸ் என்ற அமைப்பில் கூடி இருப்பார்கள். ஒரே கட்டடத்தில் தனித்தனி டாக்டர்கள் அறை எடுத்து, வரவேற்பு மேசையையும் வாடகையையும் பகிர்ந்துகொள்வதைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அப்படி. செலவு பொது, வருமானம் அவரவருக்கு. அதனால்தான் ஒரே சேம்பர்ஸைச் சேர்ந்த இருவர் ஒரே வழக்கில் எதிரெதிராக நிற்க முடிகிறது. சொலிசிட்டர் நிறுவனத்தில் இதற்கு இடமே இல்லை; அங்கே ஒருவர் ஒரு தரப்பை எடுத்தால் மொத்த நிறுவனமும் அந்தத் தரப்புதான்.

சேம்பர்ஸை நடத்துபவர்கள் கிளார்க்குகள். பெயரைக் கேட்டு குமாஸ்தா என்று நினைத்துவிட வேண்டாம். எந்த வழக்கு யாருக்குப் பொருந்தும், எவ்வளவு கட்டணம் கேட்பது, யாருக்கு எந்த வாரம் ஓய்வு என்பதையெல்லாம் அவர்கள்தான் பேசி முடிக்கிறார்கள். ஒரு இளம் பாரிஸ்டரின் முதல் பத்து ஆண்டு எந்தத் துறையில் போகும் என்பது பெரும்பாலும் அவருடைய கிளார்க் கையில் இருக்கிறது. அறிமுகக் கட்டுரைகள் இவர்களைப் பற்றி ஒரு வரியோடு நிறுத்திக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கிருந்து வருகிறார்கள்?

சட்டப் பட்டம் இருந்தால்தான் பாரிஸ்டர் ஆகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வரலாறு, தத்துவம், கணிதம், லத்தீன், வேதியியல், எதைப் படித்தவரும் ஒரு ஆண்டு சட்ட மாற்றுப் படிப்பை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வரலாம். அதற்கு மேல் பார் கோர்ஸ் என்ற தொழிற்படிப்பு. அதோடு லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள் ஆகிய நான்கில் ஒன்றில் உறுப்பினராகச் சேர்ந்தாக வேண்டும். இந்த நான்குக்கும் இன்ஸ் ஆஃப் கோர்ட் என்று பெயர். பாரிஸ்டர் பட்டத்தைத் தரும் உரிமை பல நூற்றாண்டுகளாக இவற்றிடமே இருக்கிறது.

ஜொனாதன் சம்ப்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸ்ஃபோர்டில் இடைக்கால வரலாறு கற்பித்துக்கொண்டிருந்தவர், அந்த வேலையை விட்டுவிட்டு 1975இல் பாரிஸ்டரானார். பிரிக் கோர்ட் சேம்பர்ஸில் பெரும் வணிக வழக்குகளை நடத்தினார். 2012இல், உயர் நீதிமன்றத்திலோ மேல்முறையீட்டு நீதிமன்றத்திலோ முழுநேர நீதிபதியாக உட்காராமலே, நேராக உச்ச நீதிமன்ற நீதிபதியானார். அவர் கடைசியாக நடத்திய பெரிய வழக்குகளில் ஒன்று பெரெசோவ்ஸ்கி – அப்ரமோவிச் வழக்கு. இரண்டு ரஷ்யக் கோடீஸ்வரர்கள், 500 கோடி டாலருக்கு மேற்பட்ட கோரிக்கை. எண்ணெய் நிறுவனமான சிப்நெஃப்டில் தனக்கும் பங்கு உண்டு என்றார் பெரெசோவ்ஸ்கி. எழுத்தில் எதுவும் இல்லை, எல்லாம் 1990களில் வாய்ப்பேச்சாகப் பேசிக்கொண்டது. அப்ரமோவிச் தரப்பு சொன்னது வேறு: அவருக்குக் கொடுத்த பணமெல்லாம் ‘கிரிஷா’வுக்கு, அதாவது அரசியல் பாதுகாப்புக்காக, கொடுத்ததுதான், பங்கு லாபம் இல்லை. பாரிஸ் அருகே லெ பூர்ஜே விமான நிலையத்தில் 2000ஆம் ஆண்டு இவர்கள் பேசியதன் ஒலிப்பதிவு முக்கிய ஆவணமானது. அதை எழுத்தில் பெயர்த்து, யார் எந்தச் சொல்லை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நாள்கணக்கில் அலசினார்கள். பழைய ஓலைகளையும் பத்திரங்களையும் வைத்து, சாகும்வரை பொய் சொன்ன மனிதர்களைப் பற்றி உண்மையைத் தேடும் வேலைக்குப் பழகிய ஒரு வரலாற்றுக்காரருக்கு இது அந்நியமான வேலையாக இருந்திருக்காது.

சம்ப்ஷன் நின்றது அப்ரமோவிச்சுக்காக. பெரெசோவ்ஸ்கிக்காக எதிர்த் தரப்பில் நின்ற லாரன்ஸ் ராபினோவிட்ஸ் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தவர். விசாரித்தவர் எலிசபெத் குளோஸ்டர். வணிக வழக்குகளுக்கென்று உள்ள கமர்ஷியல் கோர்ட்டில் 2004இல் முதல் பெண் நீதிபதியானவர் அவர்தான். 2012 ஆகஸ்டில் அவர் தந்த தீர்ப்பு அப்ரமோவிச்சுக்குச் சாதகமாக வந்தது. சாட்சிகளில் யாரை நம்புவது என்பதில்தான் எல்லாமே தீர்மானமானது.

தென்னாப்பிரிக்காவிலிருந்து இங்கே வந்தவர்கள் குறைவில்லை. மண்டேலாவுக்காக வாதாடிய சிட்னி கென்ட்ரிட்ஜ் 1970களின் கடைசியில் லண்டன் வந்து புதிதாகத் தொடங்கி, பிரிக் கோர்ட்டின் பெரும் பெயர்களில் ஒருவரானார். அதற்கும் முந்தைய தலைமுறையில் எனக்குப் பிடித்தவர் மைக்கேல் கெர். 1921இல் பெர்லினில் பிறந்த யூதர். நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் குடும்பம் ஊரைவிட்டு ஓடியது. கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்தபோது, ஜெர்மன்காரன் என்பதற்காக 1940இல் பிரிட்டிஷ் அரசே அவரைத் தடுப்புக்காவலில் வைத்தது. வெளியே வந்து, அதே அரசின் விமானப் படையில் விமானியானார். போர் முடிந்தபின் சட்டத்தை முடித்துவிட்டுக் கப்பல், காப்பீட்டு வழக்குகளில் இறங்கினார். 1972இல் உயர் நீதிமன்ற நீதிபதி. பின்பு மேல்முறையீட்டு நீதிபதி. கடைசியில் லண்டன் சர்வதேச நடுவர் மன்றத்தின் தலைவர். ஐரோப்பிய மொழிகளும், அகதியாகப் பல நாட்டு மனிதர்களோடு பழகியதும் அவருக்குக் கைகொடுத்தன என்று நினைக்கிறேன். வணிக வழக்கில் கட்சிக்காரர் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்தானே.

சில துறைகளுக்கு மட்டும் படிப்பு நேரடியாகவே உதவும். காப்புரிமை வழக்குகளுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் அறிவியல் பட்டதாரிகள். அந்தத் துறையின் பெரிய நீதிபதியாக இருந்த ராபின் ஜேக்கப் கேம்பிரிட்ஜில் இயற்பியல் படித்தவர். கட்டுமான வழக்குகளில் பொறியாளராக இருந்து வந்தவர்களைப் பார்க்கலாம். வரி வழக்குகளில் கணக்காளர்கள். சொலிசிட்டர் நிறுவனத்தில் பல ஆண்டு இருந்துவிட்டுப் பாரிஸ்டராக மாறுகிறவர்களும் உண்டு. பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்துகொண்டே சேம்பர்ஸில் இடம் வைத்திருப்பவர்களும் உண்டு. இப்போது உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் ஜார்ஜ் லெகட் தத்துவம் படித்தவர். நியூயார்க் சட்ட நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வந்தார்.

இத்தனை பேரையும் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. இந்தத் தொழில் கேட்பது, முன்பின் தெரியாத ஒருவரின் தொழிலைச் சில வாரங்களில் கற்றுக்கொண்டு, அதிலேயே ஊறிய நிபுணரைக் குறுக்கு விசாரணை செய்யும் திறமையை. இந்த மாதம் எண்ணெய்க் கிணறு, அடுத்த மாதம் வட்டி விகிதப் பரிமாற்றம், அதற்கடுத்து செயற்கைக்கோள். வழக்கு முடிந்ததும் அதை மறந்துவிட்டு அடுத்ததைக் கற்க வேண்டும். வரலாறோ தத்துவமோ படித்தவர்கள் இங்கே தேறிவிடுவதற்குக் காரணம் அதுதான் என்பது என் எண்ணம்.

இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். பின்னணி பலவிதம் என்றேனே, அது படித்த பாடத்தில்தான். படித்த இடம் என்று பார்த்தால் முன்னணி வணிக சேம்பர்ஸ்களில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும்தான் திரும்பத் திரும்ப வரும். கிங்ஸ் கவுன்சல் என்ற மூத்த பாரிஸ்டர் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் சுமார் ஐந்தில் ஒருவர்தான். 2023இல் சூ கார் இங்கிலாந்தின் முதல் பெண் தலைமை நீதிபதியானார். அவரும் தொழில்சார் அலட்சிய வழக்குகளில் பேர் வாங்கிய பாரிஸ்டர்தான். அவர் உச்சிக்குப் போனது பெரிய விஷயம். ஆனாலும் வணிக வழக்குகளில் முன்வரிசையில் உட்காரும் முகங்கள் இன்னும் போதுமான அளவு மாறவில்லை.

வணிக வழக்கு என்றால் எது?

1890களில் லண்டன் வணிகர்கள் நீதிமன்றத்தின் மேல் கடும் வெறுப்பில் இருந்தார்கள். கப்பல் விபத்தில் ஏற்பட்ட இழப்பைச் சரக்குக்காரர்களுக்குள் பங்கிடும் வழக்கு ஒன்று, அந்தத் துறையில் எந்தப் பழக்கமும் இல்லாத ஒரு நீதிபதி முன் வந்தது. விசாரணை இழுத்தது, தீர்ப்பு மாதக்கணக்கில் தள்ளிப்போனது. கோர்ட்டுக்கே போகாமல் தங்களுக்குள் நடுவர் வைத்துத் தீர்த்துக்கொள்கிறோம் என்று வணிகர்கள் விலகத் தொடங்கினார்கள். அதன் விளைவாகத்தான் 1895இல் வணிக வழக்குகளுக்கென்று தனிப் பட்டியல் போட்டு, அந்தத் துறை தெரிந்த நீதிபதி மேத்யூவை உட்கார வைத்தார்கள். அந்தப் பட்டியல்தான் பின்னாளில் கமர்ஷியல் கோர்ட் ஆனது. இப்போது ஃபெட்டர் லேனில், 2011இல் திறந்த ரோல்ஸ் பில்டிங் என்ற நவீனக் கட்டடத்தில் இயங்குகிறது.

எது வணிக வழக்கு என்பதை அந்தக் கோர்ட்டின் விதிகளே எழுதி வைத்திருக்கின்றன: ஏற்றுமதி இறக்குமதி, சரக்குப் போக்குவரத்து, எண்ணெய் எரிவாயு, காப்பீடு, வங்கி, சந்தைகள், பண்டங்களின் விற்பனை, கப்பல் கட்டுமானம், வணிக முகவர், நடுவர் தீர்ப்பு. இந்தப் பட்டியலைப் படித்தாலே லண்டன் துறைமுகத்தின் கதை தெரியும். கப்பல் வந்தது, அதற்குக் காப்பீடு வந்தது, சரக்குக்குக் கடன் கொடுக்க வங்கி வந்தது. ஒவ்வொன்றோடும் தகராறும் வந்தது. பாரிஸ்டர்களின் துறைகள் அப்படித்தான் பிரிந்தன.

கப்பல் துறை இதில் மூத்தது. வாடகை ஒப்பந்தம், சரக்குச் சேதம், மோதல், மீட்பு எல்லாம் இதில் அடக்கம். குவாட்ரன்ட், ட்வென்டி எசெக்ஸ், எசெக்ஸ் கோர்ட், 7 கிங்ஸ் பெஞ்ச் வாக் போன்ற சேம்பர்ஸ்கள் இதில் பேர் போனவை. இதன் பக்கத்திலேயே பண்ட வணிகம். தானியத்துக்கு காஃப்டா, எண்ணெய் வித்துக்கும் தாவர எண்ணெய்க்கும் ஃபோஸ்ஃபா என்ற அமைப்புகளின் அச்சிட்ட ஒப்பந்தப் படிவங்கள் உலகமெங்கும் புழங்குகின்றன. இரண்டும் லண்டனில் இருக்கின்றன. மலேசியாவிலிருந்தோ இந்தோனேசியாவிலிருந்தோ நம் ஊருக்குப் பாமாயில் அனுப்பும்போது விலையிலோ தரத்திலோ தகராறு வந்தால், அது லண்டன் நடுவரிடம் போக வாய்ப்பு உண்டு.

காப்பீட்டு வழக்குகள் உலகச் செய்தியைப் பின்தொடர்ந்து வருகின்றன. கொரோனா ஊரடங்கில் மூடிய கடைகளுக்கு வணிக இடையூறு காப்பீடு பணம் தருமா என்ற கேள்வி 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் பெரும்பாலும் கடைக்காரர்களுக்குச் சாதகமாக முடிந்தது. உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்யாவில் மாட்டிக்கொண்ட நூற்றுக்கும் மேற்பட்ட வாடகை விமானங்களின் வழக்கு அடுத்தது. அவை தொலைந்ததற்குச் சாதாரண காப்பீடு பொறுப்பா, போர்க் காப்பீடு பொறுப்பா? போர்க் காப்பீடுதான் என்று 2025 ஜூனில் நீதிபதி புட்ச்சர் சொன்னார். பாலிசியில் இருக்கும் ஒரு வாசகத்துக்கு அர்த்தம் சொல்லப் பல பாரிஸ்டர்கள், பல மாதங்கள். காப்பீட்டுத் துறை வறண்டது என்று சொல்கிறவர்கள் இந்தத் தீர்ப்புகளைப் படித்தால் மனம் மாறுவார்கள்.

வங்கித் துறைக்கு 3 வெருலம் பில்டிங்ஸ், ஃபவுன்டன் கோர்ட் போன்றவை முக்கியம். 1991இல் பி.சி.சி.ஐ. வங்கி கவிழ்ந்ததை வைத்து இங்கிலாந்து மத்திய வங்கி மேல் போட்ட வழக்கு 2004இல் விசாரணைக்கு வந்தது. வழக்குத் தொடுத்தவர்கள் தரப்பில் கோர்டன் பொல்லாக்கின் தொடக்க உரை 80 நாள். மத்திய வங்கிக்காக நிக்கலஸ் ஸ்டாட்லன் 119 நாள் பேசினார். 2005 நவம்பரில் வழக்குத் தொடுத்தவர்களே கைவிட்டுவிட்டார்கள். இன்றைக்கு இப்படி நடக்காது. எழுத்து வாதங்களுக்குப் பக்க வரம்பு உண்டு, வாய்மொழிக்கு நேர வரம்பு உண்டு.

கட்டுமானத்துக்கு கீட்டிங், ஆட்கின்; திவால் வழக்குகளுக்கு சவுத் ஸ்குவேர்; போட்டிச் சட்டத்துக்கு மங்க்டன். இவை தனித்தனி உலகங்கள். இங்கே பெயரோடு நிறுத்துகிறேன்.

நடுவர் மன்றத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வணிக பாரிஸ்டரின் வேலையில் பெரும் பங்கு கோர்ட்டுக்கு வெளியே, மூடிய அறையில், விக் அங்கி எதுவும் இல்லாமல் நடக்கிறது. இந்திய நிறுவனமும் துபாய் நிறுவனமும் ஒப்பந்தம் போட்டு, ‘தகராறு வந்தால் லண்டனில் நடுவர் தீர்ப்பு’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். வாதாடுவதும் பாரிஸ்டர், மூன்று நடுவர்களில் ஒருவராக உட்கார்ந்திருப்பதும் பெரும்பாலும் இன்னொரு பாரிஸ்டரோ ஓய்வுபெற்ற நீதிபதியோதான். தீர்ப்பில் பெரிய கோளாறு இருந்தால் மட்டும் கமர்ஷியல் கோர்ட் தலையிடும். 2023 அக்டோபரில் அப்படித் தலையிட்டது. பி அண்ட் ஐ.டி. என்ற நிறுவனத்துக்கு நைஜீரியா தரவேண்டும் என்று நடுவர்கள் சொன்ன தொகை வட்டியோடு 1,100 கோடி டாலருக்கு மேல் வளர்ந்திருந்தது. ஒப்பந்தத்தில் லஞ்சம் இருந்தது, பொய்ச் சாட்சியம் சொன்னார்கள், நைஜீரியாவின் ரகசியச் சட்ட ஆவணங்களை எதிர்த் தரப்பு கையில் வைத்துக்கொண்டு கமுக்கமாக இருந்தது என்று நீதிபதி ராபின் நோல்ஸ் கண்டுபிடித்து மொத்தத்தையும் ரத்து செய்தார். அந்த நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் இருவரைப் பற்றித் தொழில் ஒழுங்கு அமைப்புகளுக்கும் தீர்ப்பை அனுப்பி வைத்தார். ஒரு ஏழை நாட்டின் கருவூலமே காலியாகியிருக்கும். வணிக வழக்கு என்றால் பணக்காரர்களின் சண்டை, நமக்கென்ன என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தத் தீர்ப்பைத்தான்.

ஒரு இளம் பாரிஸ்டர், ஒரு உரக் கப்பல்

மரேவா என்ற கப்பலின் உரிமையாளர்கள் 1975இல் அதை நாளுக்கு 3,850 டாலர் வாடகைக்கு விட்டார்கள். எடுத்தவர்கள் அதை இந்திய அரசுக்கு உள்வாடகைக்கு விட்டார்கள். பிரான்ஸின் போர்தோ துறைமுகத்தில் உரம் ஏற்றிக்கொண்டு கப்பல் இந்தியாவுக்குக் கிளம்பியது. இந்தியத் தூதரகம் சரக்குக் கட்டணத்தை லண்டன் வங்கியில் கட்டிவிட்டது, 1,74,000 பவுண்டு. நடுவில் இருந்தவர்கள் இரண்டு தவணை வாடகை கொடுத்துவிட்டு மூன்றாவதில் கைவிரித்தார்கள். பணம் அவர்கள் கணக்கில் கிடக்கிறது. ஒரு தந்தியில் வெளிநாட்டுக்குப் போய்விடும். வழக்குப் போட்டு ஜெயிக்கும்போது வசூலிக்க எதுவும் இருக்காது.

தீர்ப்புக்கு முன்பே எதிராளியின் பணத்தை முடக்கும் வழக்கம் அதுவரை இங்கிலாந்தில் இல்லை. ஒரு மாதத்துக்கு முன்புதான் ஒரு ஜப்பானியக் கப்பல் கம்பெனிக்கு அப்படி ஒரு உத்தரவு முதன்முதலாகக் கிடைத்திருந்தது. மரேவா உரிமையாளர்களுக்காக மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நின்றவர் பெர்னார்ட் ரிக்ஸ் என்ற இளம் பாரிஸ்டர். தொழிலுக்கு வந்து ஐந்து ஆண்டுதான். எதிர்த் தரப்பு அங்கே இல்லை. அதனால் தனக்கு எதிரான பழைய தீர்ப்புகளையும் அவரே எடுத்துச் சொல்லியாக வேண்டும். அது பாரிஸ்டரின் கடமை. லார்ட் டென்னிங் தலைமையில் மூவரும் உத்தரவு கொடுத்தார்கள். அன்றிலிருந்து அதற்கு ‘மரேவா’ என்றே பெயர் நிலைத்தது. இப்போது சொத்து முடக்க உத்தரவு என்கிறார்கள். உலகம் முழுக்க உள்ள சொத்துக்கும் போடலாம். இந்திய வங்கிகள் விஜய் மல்லையாவுக்கு எதிராக லண்டனில் வாங்கி வைத்திருந்ததும் இதுவே. ரிக்ஸ் பிற்பாடு அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதியானார்.

ஒருவரின் அறிமுகப் பக்கத்தை எப்படிப் படிப்பது?

பாரிஸ்டரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஆண்டு இருக்கும். அது அவர் இன்னில் பட்டம் பெற்ற ஆண்டு. அதை ‘கால்’ என்பார்கள். அனுபவத்தை அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். கே.சி. என்று இருந்தால் கிங்ஸ் கவுன்சல். பட்டு அங்கி உடுத்தும் உரிமை இருப்பதால் ‘சில்க்’ என்றும் சொல்வார்கள். அந்தப் பட்டம் இல்லாதவர்கள் எல்லோரும் ஜூனியர், வயது ஐம்பதைத் தாண்டியிருந்தாலும் சரி. பெரிய வழக்கில் ஒரு சில்க்கும் ஒன்றிரண்டு ஜூனியர்களும் சேர்ந்து நிற்பார்கள். மனு எழுதுவது, ஆவணங்களைச் சல்லடை போடுவது ஜூனியர் வேலை. முக்கியச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது சில்க்.

துறைகள் என்று பத்துப் பன்னிரண்டு வரிசையாகப் போட்டிருந்தால் அப்படியே நம்பிவிட வேண்டாம். கீழே கொடுத்திருக்கும் வழக்குகளைப் பாருங்கள். எந்தத் துறையில் அண்மைக் காலத்து வழக்குகள் அதிகமோ அதுதான் அவருடைய உண்மையான துறை. தனியாக நின்றாரா, யாருக்காவது துணையாக நின்றாரா என்பதையும் பாருங்கள். நடுவர் மன்ற வழக்குகள் ரகசியமானவை என்பதால் ‘மத்திய கிழக்கு எரிசக்தித் தகராறு’ என்று பெயரில்லாமல் போட்டிருப்பார்கள். அது இந்தத் தொழிலில் இயல்பு, சந்தேகப்பட ஒன்றுமில்லை.

நம் பிள்ளைகளில் யாருக்காவது இதில் ஆசை இருந்தால், கண்ணைத் திறந்துகொண்டு இறங்க வேண்டிய இடம் பியூப்பிலேஜ். ஒரு மூத்த பாரிஸ்டரிடம் ஒரு ஆண்டு பயிற்சி. முதல் ஆறு மாதம் பார்த்துப் படிப்பது, அடுத்த ஆறு மாதம் சொந்தமாகவும் வழக்கு எடுக்கலாம். முன்னணி வணிக சேம்பர்ஸ்களில் அந்த ஆண்டுக்கு 70,000 பவுண்டுக்கு மேல் தருகிறார்கள். இடம் என்னவோ இரண்டு, மூன்று, நான்குதான். விண்ணப்பங்கள் நூற்றுக்கணக்கில் வரும். பார் கோர்ஸுக்குப் பெரும் பணம் கட்டிவிட்டுப் பியூப்பிலேஜ் கிடைக்காமல் நிற்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். பியூப்பிலேஜ் கையில் வந்த பிறகு கோர்ஸுக்குப் பணம் கட்டுவதுதான் பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து. நான்கு இன்களும் கல்வி உதவித்தொகை கொடுக்கின்றன. வெளிநாட்டு மாணவர்களும் கேட்கலாம். அதற்கு முன்னால் சேம்பர்ஸ்களில் சில நாள் உடனிருந்து பார்க்கும் மினி பியூப்பிலேஜுக்கு எழுதிப் போடுங்கள். லண்டனில் இருப்பவர்கள் அதற்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். ரோல்ஸ் பில்டிங்கில் பெரும்பாலான வணிக விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. வாசலில் பையைச் சோதித்துவிட்டு உள்ளே விடுவார்கள், அன்றைய பட்டியலைப் பார்த்துப் பின்வரிசையில் போய் உட்காரலாம்.